கண்டவர் பெயர்

விடிய நாலே முக்காலுக்கு
பேக்கரிச் சூட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு
பாலமுனையிலிருந்து கிளம்பும் என் பாண் ஓட்டோ.
பாட்டுப் போடமாட்டேன்.
சுபஹ் முடிந்து ஊர் எழும்பும்வரை
மெட்டுச் சத்தம் கூடாதென்பது
பள்ளிவாசல் நிர்வாகமும் நானும் பேசிக்கொண்டது.

களியோடைப் பக்கம் வந்தால்
இருபுறமும் வயல், வாய்க்கால், பன்.
பன் என்றால் இங்கே பாய் இழைக்கிற புல்,
தின்கிறதற்குப் பெயர் பணிஸ்.

பணிஸ் இரண்டு வாங்கத்தான் வந்தா
ஒலுவில் கெம்பஸில் படிக்கிற யதுர்ஷிகா.
"ஒவ்வொரு நாளும் இந்த ரோட்டாலதானே போறீங்க?"
மிச்சக் காசை வாங்காமல்
என் போனை வாங்கி ஒரு படிவத்தை ஏற்றினா.
நாள். நேரம். இடம். என்ன விலங்கு.
உயிரோடா, இல்லையா.
கண்டவர் பெயர்.
"ஒண்டும் காணாட்டியும் எழுதுங்க,
பூச்சியமும் ஒரு எண்ணிக்கைதான்."

என் கடன் கொப்பியில் பூச்சியம் என்றால்
அன்றைக்கு வீட்டில் சண்டை.
இந்தக் கொப்பியில் பூச்சியம் என்றால்
ஏதோ ஒன்று ரோட்டைக் கடந்து போயிருக்கிறது.

கீரி, ஒன்று, இல்லை.
பூச்சியம். பூச்சியம்.
கொடுப்புலி, ஒன்று, இல்லை.
அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று கோல் எடுத்தேன்.
கொஞ்ச நேரம் அவ பேசவில்லை.
பிறகு சொன்னா,
கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்காம்.

"செத்த பூனையப் படம் பிடிக்கிற கையாலயா
பாண் தாறீங்க?" என்று கேட்டா மஸாஹிறா.
கொரோனாக் காலத்துப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.
அரை றாத்தல் மட்டும் எடுத்தா.

உயிரோடு ஒரே ஒருமுறை.
மதகு வாயில் குந்தியிருந்தது.
சாம்பல் உடம்பெல்லாம் மை தொட்டு வைத்த புள்ளி.
ஒரு கையால் தண்ணீரைத் தட்டியது,
கடன் கேட்டு வந்தவர் கதவைத் தட்டுவதுபோல,
மெதுவாக, இரண்டு தரம்.
படம் எடுக்க மறந்துபோனேன்.
ஆதாரம் இல்லை என்று பதிவு நிற்கிறது.

மார்கழி மழை. கரண்ட் போய் அடுப்புப் பிந்தி
ஐந்தே காலுக்குத்தான் கிளம்பினேன்.
மதகடியில் ஒரு சத்தம்.
உள்ளே தட்டுச் சரிந்ததென்று நினைத்தேன்.
நினைக்க விரும்பினேன்.

தட்டுச் சரியவில்லை.

படிவத்தில் மோதியவர் பெயருக்குக் கட்டம் இல்லை.
மழை பொலித்தீனில் அடிக்க அடிக்க
போன் வெளிச்சத்தில் இருந்தேன்.
வேறு நேரம் போடலாம். கன்டர் லொறி என்று போடலாம்.
பூச்சியம் போடலாம்.
பூச்சியமும் ஒரு எண்ணிக்கை என்றால்
பொய்ப் பூச்சியம் எதன் எண்ணிக்கை?

குறிப்பு:
வாகனம், பாண் ஓட்டோ.
வேகம், பாண் ஆறிவிடுமே என்கிற வேகம்.
கண்டவரும் அடித்தவரும் ஒருவரே.

தை பிறந்த பிறகு
அம்பாறையிலிருந்து வனஜீவி ஆட்கள் இரண்டு பேர்
அளவு நாடாவோடு வந்தார்கள்.
வரைபடத்தில் பதினெட்டுச் சிவப்புப் புள்ளிகள்,
பதினொன்று இந்த ஒரு மதகில்,
மை கொட்டியதுபோல.
மதகுக் குழாய் சேற்றால் அடைத்திருக்கிறதாம்,
கீழால் போக வழியில்லாமல்தான் மேலே ஏறுகிறதாம்.
வீதித் திணைக்களத்துக்குக் கடிதம் போகுமாம்.
என் புள்ளி எது என்று தேடினேன்.
எல்லாம் ஒரே சிவப்பு.
"யாரு ஜெஸீல்?" என்று கேட்டார் ஒருவர்.
கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு பாண் வாங்கி, காசை எண்ணித் தந்தார்.

கடிதம் போனதா தெரியாது.
குழாயில் இன்னும் சேறு.

இப்போது களியோடை வந்ததும்
வேகத்தைக் குறைத்து
பாட்டைப் போட்டுவிடுகிறேன், முழுச் சத்தத்தில்,
மதகு தாண்டும்வரை.
அது கேட்டு ஒதுங்குகிறதா என்று
பதிய இடமில்லை.
நிர்வாகத்தில் கேட்டால்
அங்கே எனக்கு வாடிக்கை இருக்கு என்பேன்.

பாண் ஆறித்தான் போகிறது.